மூடிய கை

வளைகாப்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் இன்சுவை இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டாள். மூடிய கையில் வளையல் ஏறாது. பட்டுப்புடவைக்குள் அவள் வயிறெங்கும் ஊசி குத்திக் கன்றிய நீலத் திட்டுகள். கருப்பைக்குப் போகும் ரத்தம் வழியில் உறைந்துவிடாமல் இருக்க மாதக்கணக்கில் தினம் ஓர் ஊசி. குழந்தைப்பேறு சிகிச்சையில் வைத்த கரு இரண்டு முறை கலைந்த பிறகுதான் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அது அப்பா வழியில் வந்த, ரத்தம் எளிதில் உறைந்துவிடும் குறை.

"முதல் வளையல் தவமணி அத்தை போடட்டும்" என்றாள்.

அப்பாவின் தங்கை தவமணி அடுப்படியில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கரு தங்கவில்லையென்று புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள்.

"பிள்ளை பெறாதவ கை படக்கூடாதும்மா. நல்ல நாளும் அதுவுமா அடம் பிடிக்காத" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

"அத்தை உடம்புல ஓடுறதும் நம்ம ரத்தந்தானேப்பா? மலடின்னு அவங்க சொன்னப்ப நீங்களும் தலையாட்டிட்டுத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

"விரலைப் பிரிடி, நேரமாகுது" என்று சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் பிரியவில்லை.

தவமணி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். வளையல்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"என்னை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்னு உனக்குத் தோணவே இல்லையாண்ணே?"

அப்பா தாம்பாளத்திலிருந்து ஒரு வளையலை எடுத்துத் துண்டால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.