சிவப்புச் சீட்டு

அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்திய ஈக்களோடு ஈயாக அதுவும் வெகுகாலம் இருந்தது. பக்கத்து ஈ தினமும் வம்புக்கு இழுக்கும்: "முதுகுல என்னடா பச்சைக் கோடு? புதினாச் சட்னியில புரண்டியா?" பெட்டியே சிரிக்கும்.

ஒருநாள் அதன் இறக்கையை உற்றுப் பார்த்த பூதக்கண்ணாடி கூவியது: "அடேயப்பா! நீ இவங்க இனமே இல்ல. உலகம் இதுவரை அறியாத புது இனம்!"

இனத்தின் முதல் ஈ என்பதற்கு அடையாளமாக ஊசியில் சிவப்புச் சீட்டு ஏறியது. வாயில் நுழையாத பெயர் வைத்தார்கள். தனிப் பெட்டியும் கொடுத்தார்கள். அங்கே பழைய பெட்டியின் பாச்சை உருண்டை வாசனைகூட இல்லை.

மறுபடி பார்க்க வந்த பூதக்கண்ணாடி பணிவாகக் கேட்டது: "வேற ஏதாவது வேணுமாங்க?"

"முதுகுல என்னடா கோடுன்னு ஒரு தடவை கேளேன்."

"ஐயோ, உங்களைப் போய் 'டா' போடுவேனா!" என்று பதறியது பூதக்கண்ணாடி.