தனப்பிரியாவின் வயது

"இந்த ஒரு பொண்ணோட பக்கத்தைத் தூக்கிட்டா, உங்களுக்கு வர்ற புகார்ல பாதி குறைஞ்சிருமுங்க ஐயா" என்றாள் தமிழினி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளியங்கிரி உள் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் அவர். அதை விட்ட பிறகு, நாலு பேருக்கு உபகாரமாக, வரன் பார்க்கும் வெப்சைட் ஒன்றை இலவசமாக நடத்துகிறார். தை பிறந்தால் போதும், பிள்ளையைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைவார்கள். வெப்சைட்டுக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் படுத்துவிடும். ஃபோன் போட்டால், 'பார்க்கிறோம் சார்' என்பார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

அதனால்தான் கம்பெனியை மாற்ற முடிவு செய்தார். ஆனால் யாரிடமும் வேகம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "பழைய பக்கம் ஒண்ணுகூட அழியக் கூடாதுங்க. இருக்கறது இருக்கற மாதிரியே வரோணும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பழசைக் கழித்துத்தான் ஏற்றுவோம் என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். சேலத்துத் தமிழினி மட்டும் சரி என்று சொல்லி, வீட்டுக்கே வந்துவிட்டாள்.

எல்லாப் பக்கங்களும் புது சர்வருக்கு வந்துவிட்டன. தனப்பிரியாவின் பக்கம் மட்டும் சிவப்பு எழுத்தில் தப்பு என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"புதுசுல, பிறந்த தேதியை வெச்சு வயசு தானாவே கணக்காயிருங்க. இதுல வயசு இருபத்து நாலுன்னு இருக்குது. தேதிப்படி முப்பத்தொண்ணு. ஏனுங்க ஐயா, இது உங்க சொந்தப் பொண்ணுதானுங்க?"

"ஆமா சாமி."

"ஊருக்கே வரன் பார்க்கறவரு, சொந்தப் பொண்ணுக்கு ஏழு வயசை முழுங்கலாமுங்களா?"

தமிழினிக்கு வேறொரு கோபமும் இருந்தது. அதையும் கொட்டிவிட்டாள்.

"எங்கண்ணனுக்கு இந்தப் பொண்ணைத்தான் கேட்டோம். உங்க ஊட்டம்மா எங்கம்மாகிட்ட அவ்வளவு ஆசையாப் பேசினாங்க. கடைசில, கோயில்ல பூக்கேட்டோம், உத்தரவு வரலைன்னுட்டாங்க. வேற ஒரு பொண்ணை எங்க தலைல தள்ளிவிட்டாங்க. கேட்டவங்க எல்லார்த்துக்கும் இதே பதிலாமா. அந்தச் சாமி ஒருத்தருக்குக்கூடவா உத்தரவு குடுக்காது?"

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு எடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிடிக்காத சம்பந்தத்தை நோகாமல் கழித்துவிடவும் அது கைகொடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உள் அறையில் ஃபோன் அடித்தது. அவர் மனைவி பொன்னாத்தாளின் குரல் கேட்டது.

"ஆமாங்க, தனப்பிரியா அம்மாதானுங்க பேசறேன். பி.எட். முடிச்சிருக்குதுங்க... கோவம் வரும், ஆனா நிக்காதுங்க. மழை வந்தா, காயப்போட்ட துணியை எடுக்க மாட்டா. நின்னு வேடிக்கை பார்ப்பா..." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

தமிழினி உதட்டைச் சுழித்தாள். "இன்னொரு குடும்பம் மாட்டிக்கிச்சு. வயசைத் திருத்தட்டுங்களா, பக்கத்தை எடுத்தரட்டுங்களா?"

"ரெண்டும் வேண்டாஞ்சாமி. பழைய கம்பெனியிலயே இருந்துக்கறேன்."

"ஒரு பொய்க்காக, கல்யாணத்துக்குக் காத்திருக்கற அத்தனை பேரையும் மறுபடியும் தவிக்க விடுவீங்களா?"

வெள்ளியங்கிரி எழுந்து போய், உள் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"பொய் இல்ல அம்மணி. சங்ககிரி பைபாஸ்ல வண்டில வந்துட்டிருந்தா. பின்னால வந்த கார்க்காரன் பார்க்கல. இருபத்து நாலுக்கு மேல அவ வயசு ஏறலை."

தமிழினி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"காரியம் முடிஞ்சதும் இந்தப் பக்கத்தை எடுத்துரத்தான் பார்த்தேன். அன்னிக்குன்னு ஒரு ஃபோன் வந்துச்சு. பொண்ணு எப்படிங்கன்னு கேட்டாங்க. இவளும் பேசுனா. பேசிட்டு, அன்னிக்குத்தான் ஒரு வாய் சோறு தின்னா. சொந்தக்காரங்க எங்க மனசு நோகுமேன்னு புள்ளையோட பேரையே எடுக்கறதில்ல. தெரியாதவங்கதான் கேக்கறாங்க. தப்புத்தான் சாமி. அதான், கூப்பிட்டவங்களைச் சும்மா விடாம, பொருந்தற எடமாப் பார்த்துச் சொல்லிடறா."

தமிழினிக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது. இவர்கள் தள்ளிவிட்ட பெண்தான். போன வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தபோது, முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தவளும் அவள்தான். அந்தச் சம்பந்தத்துக்காக இந்த வீட்டுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தமிழினிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வயதைக் கணக்குப் போட வேண்டாம் என்று மாற்றி எழுதினாள். சிவப்பு எழுத்து மறைந்தது.

"புது சர்வருக்கே வந்துருங்க ஐயா. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கும்."

கதவைத் திறந்துகொண்டு பொன்னாத்தாள் காப்பியோடு வந்தாள். "ஏனுங்க, இப்பப் பேசினவங்க பையனுக்கு மல்லசமுத்திரத்துப் பொண்ணைச் சொல்லலாமுங்களா?" என்று கணவரிடம் கேட்டவள், தமிழினியின் கண்களைப் பார்த்ததும் டம்ளரோடு நின்றுவிட்டாள்.

தமிழினி லேப்டாப்பை மூடி வைத்தாள். தான் உட்கார்ந்திருந்த சோபாவில் சற்று நகர்ந்து இடம்விட்டாள்.

"இப்படி உக்காருங்கம்மா. தனப்பிரியா சின்னதுல எப்படிங்க?"

அந்த வீட்டுக்குள் வந்து, பொன்னாத்தாளின் முகத்தைப் பார்த்து, ஒருவர் அப்படிக் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.