பளபளப்பு

"திற அந்த டிபன் பாக்ஸை!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருடைய உதவியாளர் மூடியைத் திறந்து நீட்டினாள். ரொட்டியும் வாழைப்பழமும்தான் இருந்தன.

"அப்ப நாத்தம் எங்கேர்ந்து வருது? உன் பக்கத்துலேர்ந்துதானே வருது? குளிக்கிறியா இல்லியா நீ?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மூடியை மூடினாள்.

நாலைந்து நாளாக இதே கூத்து. தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே போட்டாயிற்று. செத்த எலியைத் தேடி மேஜைகளைப் புரட்டியாயிற்று. எலி அகப்படாத ஆத்திரமெல்லாம் அவள் தலையில் விடிந்தது.

அவளை வேறு இடத்துக்கு அனுப்பலாம். அப்புறம் கடிதம் எழுத ஆளுக்கு எங்கே போவது? அவர் பெயரில் போவதெல்லாம் இவள் எழுதுவதுதான். அதனால்தான், கணவனும் மகளும் இருக்கிற ஊருக்கு மாற்றல் கேட்டு இவள் வருடக்கணக்கில் கெஞ்சியும் மனுஷன் மசியவில்லை. போனில் குழந்தை "எப்பம்மா வருவே?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டது.

அட்டெண்டர் ஈரத்துணியோடு வந்து அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் துடைத்தார். அதன்மேல் மேனேஜரின் பெருமை கொலுவிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புள்ளிச் சோழி. விடுமுறைக்குத் தீவுக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து, "கடையில வாங்கினது இல்லய்யா, நானே கடல்ல முங்கி எடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

அட்டெண்டர் அதைக் கழுவ எடுத்தார்.

"வேண்டாம்ணே, தண்ணி பட்டா பளபளப்பு போயிடும்." அவள் வாங்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இந்த அக்கறைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!" என்று ஆரம்பித்த மேனேஜருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "போதும்டா சாமி! உன் புருஷன் ஊருக்கே போய்த் தொலை! இன்னிக்கே கிளம்பு!"

அவர் கோபம் ஆறுவதற்குள் அவளே மாற்றல் ஆர்டரை அடித்து நீட்டினாள். பேப்பர் கிழியாத குறையாகக் கையெழுத்து விழுந்தது.

பையோடு வாசலுக்கு வந்தவளின் பின்னாலேயே அட்டெண்டர் வந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உங்களைப் போய் இப்படிச் சொல்லிட்டாரே! நீங்க போயிட்டா மட்டும் நாத்தம் போயிடுமாம்மா?"

அவள் ஆர்டரை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"நான் ஊர் போய்ச் சேர்ந்ததும், அந்தச் சோழிக்குள்ள செத்துக் கெடக்கிற நத்தையை எடுத்துப் போட்டுடுங்கண்ணே."