எல்லாப் பனிக்கும் ஒரு பலகை

"மாஸ்டர் இன்னைக்குப் பேச மாட்டாரு. தொண்டையில புண்ணு. வாயைத் திறந்தா குரல் மொத்தமாப் போயிடும்னு டாக்டர் பயமுறுத்தி வெச்சிருக்காரு. ஒவ்வொண்ணாக் கேளு, தலையாலயே பதில் சொல்லுவாரு" என்றாள் கடைக்காரி ஸ்தான்கா. "முப்பது வருஷத்துல இந்த மலை இன்னைக்குத்தான் சத்தமில்லாம இருக்கு."

நெவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் மூன்றரை காட்டியது.

காலைப் பயிற்சியில் இரும்புக் கம்பியில் மோதி அவளுடைய ஸ்னோபோர்டு பிளந்துவிட்டது. நாளை தேர்வு. காலையில் கட்டியாக இறுகிய சரிவு, நண்பகலில் தாவுமேடை, பிற்பகலில் பைன் மரங்களுக்கு நடுவே யாரும் மிதிக்காத பனி. மூன்றுக்கும் ஒரே பலகைதான். அதை நான்கு மணிக்குள் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை ஒட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும். ஆறு பெண்களில் ஒருத்திக்குத்தான் அணியில் இடம். அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் எதிரே முக்காலியில், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, மலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மோம்சில் மாஸ்டர்.

அவள் ஆஸ்திரியாவிலிருந்து பான்ஸ்கோ என்ற இந்த மலையூருக்கு நேற்றுத்தான் வந்திருந்தாள். பிறந்தது இந்த நாட்டில்தான். மூன்று வயதில் அம்மாவோடு அங்கே போய்விட்டாள். இந்தக் குளிர்காலத்தில் இடம் கிடைக்காவிட்டால் சறுக்குவதை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர வேண்டும் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுடைய எடைக்குத் தோதாகக் கடையில் மூன்று பலகைகள்தான் மிச்சம். ஸ்தான்கா அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாடகைப் பலகைகளைத் திருப்பித் தர வந்த கூட்டத்தைக் கவனிக்கப் போனாள்.

முதலாவது நீளமானது, விறைப்பானது. முன்முனை கூராகவும் பின்முனை குட்டையாகவும் இருந்தது. இரண்டாவது பாயைப் போல வளைந்தது. கம்பிமேல் சறுக்கி விளையாட நல்லது, இறுகிய சரிவில் நடுங்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். இரு முனைகளும் ஒன்றுபோல. பாதங்களுக்கு இடையே லேசான வில் வளைவு. நெவேனாவின் கை தானாக மூன்றாவதற்குப் போனது.

ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதுதானே நல்லது என்று அவரைக் கேட்டாள். தலை அசைந்தது. இல்லை என்கிறார் என்று விளங்கியது.

நடுத்தரமாக வளைந்தால் போதும்தானே என்றாள். மறுபடியும் அதே அசைவு. போதாது.

அப்படியானால் இன்னும் விறைப்பாகத்தான் வேண்டுமா? இப்போது தலை வேறு விதமாக அசைந்தது. ஆமாம்.

குட்டைப் பின்முனையோடு தாவிச் சுழன்று பின்பக்கமாக இறங்குவது எப்படி? ஆனால் இந்த மலையின் ஒவ்வொரு மேட்டையும் அறிந்தவர் சொல்கிறார். நீளப் பலகையை எடுத்து நிறுத்தி, அதன்மேல் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவே இல்லை.

"இதுவா மாஸ்டர்?"

ஆமாம்தான். ஆனால் அவர் முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது. தொண்டை வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாற்பத்தெட்டு. ஸ்தான்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, பலகை எடுக்கிறியா, மாப்பிள்ளை பாக்கிறியா? கதவைச் சாத்திடப் போறாங்க அங்க."

நெவேனா நீளப் பலகையோடு வாசல்வரை போனாள். நாளைய தாவுமேடை கண்ணுக்குள் வந்தது. காற்றில் திரும்புகிறாள், பின்பக்கமாகத் தரையைத் தொடுகிறாள், குட்டை முனை பனிக்குள் புதைகிறது. அதற்குமேல் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாஸ்டர் சோதிக்கிறாரா? அல்லது வெளியிலிருந்து வந்தவளைத் தட்டிக்கழிக்கத்தான் இந்த யோசனையா?

திரும்பி வந்தாள். நீளப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள். மாஸ்டரின் தலை வேகமாக அசைந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. இவ்வளவு கண்டிப்பாக யாரும் அவளை மறுத்ததில்லை.

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க மாஸ்டர். நீங்க சொல்றத என் காலு ஒத்துக்க மாட்டேங்குது. அந்தப் பலகையில நான் விழுவேன். இதுலதான் நாளைக்கு இறங்கப் போறேன். பேரை அடிக்கிறதுன்னா இப்பவே அடிச்சிடுங்க."

மோம்சில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பலகையைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினார். பெயரை அடித்துவிட்டார் என்றே நெவேனா நினைத்தாள். காகிதம் அவள் கைக்கு வந்தது.

"கால் மணி நேரமா நானும் அதைத்தானே சொல்றேன்? மேலும் கீழும் ஆட்டினா நம்ம ஊர்ல 'இல்லை'ன்னு அர்த்தம். வெளிநாட்டுல வளர்ந்த பொண்ணு குழம்பிடுமேன்னு, உனக்காக உங்க ஊர் வழக்கப்படி மாத்தி ஆட்டினேன்."

அந்த ஊரில் தலையாட்டலைத் தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேருந்து ஏற்றும்போது அம்மா மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். நெவேனாவும் கால் மணி நேரமாக அவருக்காக மாற்றித்தான் புரிந்துகொண்டிருந்தாள்.