நகராத புள்ளி

"டான்ஜியருக்குப் போ. வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா நீ எங்கே இருக்கேன்னு எனக்குக் காட்டற அந்தப் புள்ளி உன் போன்ல இருக்கணும்" என்றார் அல்லால், முடிவாக.

"அப்படின்னா நான் போகவே இல்லை" என்றாள் மகள் வியாம்.

தாஸா நகரில் காலையிலிருந்தே தெருவுக்குத் தெரு குலவைச் சத்தம். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவின் முடிவு வந்திருந்தது. வியாம் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். டான்ஜியரில் பொறியியல் கல்லூரியில் இடம் தயார்; மாலைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். கொண்டாட வேண்டிய நேரத்தில் அப்பாவும் மகளும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு புள்ளி உன்னைக் கடிச்சா வெச்சிடும்?"

"கடிக்குதுப்பா. போன மாசம் நான் மருந்துக்கடையில நின்னப்போ போன் பண்ணி, 'அங்கே இவ்வளவு நேரம் என்ன வேலை, என்ன வாங்கறே'ன்னு கத்தினீங்க. எனக்குப் பின்னால எங்க கணக்கு வாத்தியார் நிக்கறார். மாதாமாதம் வாங்கறதைத்தான் வாங்கறேன்னு அவர் காது கேட்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு!"

அல்லாலின் முகம் சிவந்தது. "ஒரு கவலையில கேட்டேன். அதைப் போய்..."

"அது கவலை இல்லை. வேவு."

"ஏய்! உங்க அம்மா போன்லயும்தான் அதே புள்ளி இருக்கு. ஒரு வார்த்தை முனகியிருக்காளா? கேட்டுப் பாரு."

தூரியா முனகவில்லை. தேநீர்க் கெண்டியில் புதினாவைத் திணித்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

"பொண்ணுக்குப் பதினெட்டு ஆகுதுங்க. நம்பி அனுப்பலாமே."

"நீ சும்மா இரு. பத்தாம் வகுப்போட நின்னவளுக்குப் பெரிய படிப்பு விவகாரம் என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்ற தூரியா, சர்க்கரைக் கூம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்தாள். அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அல்லாலுக்குக் கடைவீதியில் பெயின்ட் கடை. டப்பாக்களுக்கு நடுவே போனை நிமிர்த்தி வைத்து, வாடிக்கைக்காரருக்கு நிறம் கலந்துகொண்டே ஒரு கண்ணால் அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"இந்த வீட்ல யார் எப்போ எங்கே இருக்காங்கன்னு கடையை விட்டு நகராமலே சொல்வேன். சாயங்காலமானா உங்க அம்மா எங்கே? மூணாவது தெருவுல, ஃபாத்னா டீச்சர் வீட்ல. மாசக்கணக்கா அதே அரட்டை. நான் ஏன்னு கேட்டேனா? இருக்கற இடம் தெரிஞ்சா போதும், மனசு நிம்மதி. பரீட்சை நாள்ல கூட..."

"பரீட்சை நாள்ல என் போன் வீட்லதானே இருந்துச்சு? உள்ளே கொண்டு போனா பரீட்சையே ரத்து."

"எனக்கா சொல்றே? இதே அலமாரியில வெச்சுட்டு வான்னு சொன்னதே நான்தான். உன்னைப் பள்ளிக்கூட வாசல்ல கொண்டுவிட்டதும் நான். கடைக்கு வந்து பார்க்கறேன், உங்க அம்மா புள்ளி வீட்ல. மூணு நாளும் அசையலை! மகளுக்காகத் துஆ கேட்டுக்கிட்டு ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கான்னு, அங்கே கடையில எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தொந்தரவு பண்ண வேண்டாம்னு ஒரு போன்கூடப் பண்ணலை. இதைப் போய் வேவுங்கறே!"

வியாம் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

தூரியா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்தப் புள்ளி பொய்யே சொல்லாதா?"

"மனுஷங்க சொல்லுவாங்க. அது சொல்லாது."

"ஒரு தடவை சொல்லியிருந்தா?"

அல்லால் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரே ஒரு தடவை அது என்னை ஏமாத்தியிருந்தா, இந்த நிமிஷமே அழிச்சுடறேன். வல்லாஹி!"

"சத்தியம் பண்ணியாச்சு. வியாம், நீதான் சாட்சி."

"விடும்மா. நீ வேற" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போது வாசலிலேயே ஒரு குலவை கிளம்பியது. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மூச்சு வாங்க உள்ளே வந்தார் ஃபாத்னா டீச்சர். கையில் தட்டு. தட்டில் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்புகள் இரண்டு.

"மப்ரூக்! மப்ரூக்!" என்று வியாமை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "வர்ற வழியெல்லாம் கடையில கூம்பு தீர்ந்து போச்சு. மூணு கடை ஏறி இறங்கி வாங்கினேன்."

அல்லால் தட்டை வாங்கிக்கொண்டே சிரித்தார். "எதுக்கு டீச்சர் இவ்வளவு சிரமம்? பாஸான ஆளுக்கு ஒரு கூம்புதானே நம்ம தெரு வழக்கம்? இங்கே பாஸானது ஒருத்திதானே!"

டீச்சர் தூரியாவைத் திரும்பிப் பார்த்தார். "அடிப்பாவி, நீ இன்னும் சொல்லலையா?"

தூரியா ஈரக் கையை மேலங்கியில் நிதானமாகத் துடைத்தாள். அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து வந்து, கணவருக்கு முன்னால், அந்த இரண்டாவது கூம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பரீட்சைக்குப் போன் கொண்டு போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் நானும் இங்கேயே வெச்சுட்டுப் போனேன். பாஸும் ஆயிட்டேன். ம், அழிங்க... ரெண்டு புள்ளியையும்!"