கூட்டக் கூடாத நேரம்

பினாங்குக்குக் கப்பலேறப் போகும் ஆத்மநாதனை ஏற்றிக்கொண்டு வண்டி அறந்தாங்கிச் சாலையில் திரும்பி மறைகிறது. மாட்டின் சலங்கைச் சத்தம் தேய்கிறது. தெருவே பார்க்க அவன் சூட்டிவிட்ட மல்லிகைச் சரம் சொர்ணவல்லியின் கொண்டையில் வாடாமல் இருக்கிறது. அதே கை நேற்று முறுக்கிய தோள், ரவிக்கைக்குள் கன்றிப்போய்க் கிடக்கிறது. புழுதி அடங்குமுன்னே அவள் விளக்குமாற்றை எடுக்கிறாள். பக்கத்து வீட்டு அழகம்மாள் பதறிக்கொண்டு ஓடி வருகிறாள். "அடி கூறுகெட்டவளே, பயணம் போன கையோட வீட்டைக் கூட்டுனா போனவுக திரும்ப மாட்டாகடி! இப்படித் தாங்குற புருசன் ஒனக்கு எங்கிட்டுக் கிடைப்பாக?" "தெரியும் மதினி." சொர்ணவல்லி நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறாள். காலை வெயில் விழுந்த கூடத்தில் குனிந்து, மூலை முடுக்கு விடாமல் நிதானமாகக் கூட்டுகிறாள். அவனுடைய செருப்புத் தடம் பதிந்த வாசலை மட்டும் இரண்டு தடவை.