பலகை

மேகம் விலகி, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக் கட்டிலில் வெயில் விழுகிறது. நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து தண்டுவடம் அடிபட்டதிலிருந்து நல்லசாமிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டும் மூடிவிட்டது. மனைவி பேச்சி இன்று திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே அவன் பலகையை வைக்கிறான். "புடிக்கட்டுங்களா?" என்கிறாள் பேச்சி. "வேண்டாம் புள்ள. நாளைக்கு யாரு புடிப்பா?" கைகளை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து நாற்காலிக்கு வந்துவிடுகிறான். ஒரு கால் மட்டும் போர்வையில் சிக்கிக்கொள்கிறது. பேச்சியின் கை நீண்டு, பாதியில் நிற்கிறது. அவன் கால்சட்டைத் துணியைப் பிடித்துக் காலை இழுத்து நாற்காலியின் மிதியில் வைக்கிறான். மூச்சு வாங்குகிறது. "பஸ்ஸு வந்துருமுங்க." அவன் சக்கரத்தை அடுப்புப் பக்கம் தள்ளுகிறான். "இரு, டீ போட்டுத் தர்றேன். குடிச்சுட்டுப் போ."